வாங்காத வாடகை

சத்தியமாகச் சொல்கிறேன் தம்பி, இதில் ஒரு சொல் பொய்யென்றால் இந்த பஸ் அடுத்த வாய்க்கால் பாலத்தில் தலைகுப்புற விழட்டும். நீங்களும் இதே பஸ்ஸில்தான் இருக்கிறீர்கள், முன்சீட்டில் ஒரு கைப்பிள்ளைக்காரி இருக்கிறாள், டிரைவருக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை, எல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். செந்தூர் முருகன் மேல் சத்தியம். என் இரண்டு கண் மேலும் சத்தியம். அதில் இடது கண் ஆபரேஷன் செய்தது, அதைச் சேர்க்க வேண்டாம். வலது கண் போதும்.

விஷயம் இவ்வளவுதான். எங்கள் ஊரில் ஒரு மனிதர் என்னிடம் பணம் வாங்க மாட்டேன் என்கிறார். ஆயிரத்து ஐநூறு ரூபாய். கொடுக்க வேண்டியவன் கொடுக்கிறேன், வாங்க வேண்டியவர் வாங்க மாட்டேன் என்கிறார். அவர் வாங்காவிட்டால் என் வீட்டில் இன்னொரு சாவு விழும்.

சிரிக்கிறீர்கள். பணம் வேண்டாம் என்கிற ஆளுக்கு மாலை போட்டுக் கும்பிடலாம் என்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் செல்போன் டவர் வேலைக்கு வந்தவர், எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்குகிறவர். கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டபோது காதில் விழுந்தது. அதனால்தான் அங்கிருந்து எழுந்து இங்கே வந்து உட்கார்ந்தேன். விலக்கு வர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது.

அவர் பெயர் தங்கப்பழம். ஐஸ் பெட்டி வைத்திருக்கிறார். குச்சி ஐஸ் விற்கிற பெட்டி இல்லை. ஆள் செத்துப்போனால், பிள்ளைகள் துபாயில் இருந்தும் மஸ்கட்டில் இருந்தும் வந்து சேரும்வரை உடம்பு கெடாமல் படுக்க வைப்பார்களே, கண்ணாடி மூடி போட்ட பெட்டி, அது. எங்களைச் சுற்றி ஏழு ஊருக்கும் அது ஒன்றுதான். மீன் ஐஸ் கம்பெனியில் இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்து, கடன் வாங்கிப் பெட்டியும் ஒரு பழைய வெள்ளை வேனும் வாங்கினார். ஆள் பனைமரம் மாதிரி இருப்பார். பேச்சு கிடையாது. முன்பெல்லாம் நான் அவன் இவன் என்றுதான் சொல்வேன். இப்போது வாய் வரவில்லை.

பெட்டி வாடகைக்கு ஒரு முறை உண்டு. முன்பணம் கிடையாது, பேரம் கிடையாது. உடம்பை எடுத்து, காட்டுக்குப் போனபிறகு, அவர் பெட்டியை வேனில் ஏற்றிவிட்டு வாசலுக்கு முதுகைக் காட்டி நிற்பார். வீட்டுக்காரர் பின்னால் வந்து சட்டைப்பையில் பணத்தை வைக்க வேண்டும். அவர் எண்ண மாட்டார், திரும்பிப் பார்க்க மாட்டார், போயிட்டு வாரேன் என்று சொல்ல மாட்டார். வேன் கிளம்பும். அன்றைக்கே தீர்ந்துவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் எதை வேண்டுமானாலும் பாக்கி வைப்பார்கள், இதை வைக்க மாட்டார்கள்.

எனக்கும் அவருக்கும் விரோதம் ஒன்றும் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டீக்கடையில் ஒருநாள் நான் நாலு பேருக்கு ஒரு விஷயம் சொல்லிக்கொண்டிருந்தேன். புயல் அடித்த வருஷம் மணப்பாட்டில் படகு கவிழ்ந்து, ஒரு சுறாவின் முதுகுத் துடுப்பைப் பிடித்துக்கொண்டே திருச்செந்தூர் வரை நான் வந்து சேர்ந்த விஷயம். எல்லோரும் டீயை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சுறா கரையில் என்னை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்கிற இடம் வந்துவிட்டது. இந்தத் தங்கப்பழம் ஓரமாக நின்று வடை தின்றுகொண்டிருந்தவர், வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"அந்தப் புயல் அன்னைக்கு நீங்க பெரியாஸ்பத்திரியில மூலத்துக்கு அறுத்துக்கிட்டு குப்புறப் படுத்துக் கிடந்தீங்களே பாட்டையா. எங்க அய்யாவுக்கு அடுத்த கட்டிலு."

அவ்வளவுதான். கடை சிரித்தது. டீ மாஸ்டர் அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் அதை அன்றைக்கே மறந்துவிட்டேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆவணி மாதம், மூன்றாவது வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதேகால் மணி. அடியோடு மறந்துவிட்டேன்.

அதற்கப்புறம் ஐப்பசியில் பலசரக்குக்கடை பால்துரையின் அப்பா தவறிப்போனார். தொண்ணூற்று நாலு வயது. மூன்று வருஷமாகப் படுக்கையில் கிடந்தவர். துக்கம் கேட்கத் துட்டிக்குப் போயிருந்தேன். பால்துரை தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். ஆறுதலாக ஏதாவது பேச வேண்டுமே என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்: "நேத்து கடையில போணி யாரு பண்ணுனது?"

அவர் யோசித்தார். யோசித்துவிட்டு நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். வாசலில் தங்கப்பழம் பெட்டிக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சிதான். ஐநூறு ரூவா நோட்டு. சீனியும் தேயிலையும் வாங்குனாரு."

"ஓகோ," என்றேன்.

இவ்வளவுதான் தம்பி நான் பேசினது. ஒரு கேள்வி, ஒரு ஓகோ. கேள்வி கேட்பது ஒரு குற்றமா? அன்று சாயங்காலத்துக்குள் பஜாரின் கிழக்குக் கடைசிவரை பேச்சு போய்விட்டது. சாவு வீட்டுக் காசு, அதைக் காலையில் முதல் வியாபாரத்துக்கு வாங்கிக் கண்ணில் ஒற்றிப் பெட்டியில் போட்டால் அது தன்னோடு துணையைக் கூட்டிப்போகாமல் இருக்குமா என்று பேச்சு. அந்த நோட்டைத் தொட்டால் ஐஸ் மாதிரி இருக்கும் என்று பேச்சு. அதை யார் கிளப்பிவிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. சலூனில் யாரோ கேட்டார்கள் என்று, கொஞ்சம் சில்லென்று இருக்கும் என்று மட்டும் நான் சொன்னேன். ஐஸ் என்று சொல்லவே இல்லை.

அவர் மறுபடி கடைக்குப் போனபோது பால்துரை, "பத்து மணிக்கு மேல வாங்க அண்ணாச்சி" என்றார். பத்து மணிக்கு மேல் போனால், "சில்லறை இல்லியே அண்ணாச்சி". சில்லறை இல்லாவிட்டால் பரவாயில்லை, மீதியை நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று தங்கப்பழம் சொல்லிப் பார்த்தார். பால்துரைக்கு வேர்த்துவிட்டது. முகத்துக்கு நேரே ஒருவரை உம் காசு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? தலைமுறையாகப் பழகினவர்கள். அதனால் மறுநாள் கடைவாசலில் ஒரு அட்டை தொங்கவிட்டார்: "500 ரூபாய் நோட்டு வாங்கப்பட மாட்டாது."

பாருங்கள், ஒரு ஆளை வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு ஊர் முழுக்க வேண்டாம் என்று எழுதிவைத்தார்கள். ஒரு வாரத்தில் ஜவுளிக்கடை, பழக்கடை, உரக்கடை, ஞானதிரவியம் மெடிக்கல், எல்லா இடத்திலும் அதே அட்டை. முதியோர் பென்ஷன் வாங்கின கிழடுகள் நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கடைகடையாக அலைந்தன. வெளியூர்க்காரர்கள் கள்ளநோட்டு ஏதும் பிடிபட்டதா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவைத்தோம்.

தங்கப்பழம் பேங்கில் கொடுத்து நூறு நூறாக மாற்றிக்கொண்டு வந்தார். அட்டையை மாற்றினார்கள்: "ரொக்கம் கிடையாது. போனில் மட்டும்." பாவம், அவர் அதற்கென்று ஒரு போன் வாங்கினார். பால்துரை கடையில் ஒரு சின்ன டப்பா இருக்கும், பணம் வந்து விழுந்ததும் இத்தனை ரூபாய் வந்தது என்று பொம்பளைக் குரலில் சத்தம் போடும். இவர் அரிசிக்குப் பணம் போட்டதும் அது வாயைத் திறந்தது. பால்துரை ஓடிப்போய் அதன்மேல் சாக்கைப் போட்டு அமுக்கினார், அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்துகிற மாதிரி. அது சாக்குக்குள் இருந்தே தொகையைச் சொல்லிமுடித்தது. நான் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். சிரிப்புத்தான் வந்தது. இப்போது நினைத்தால் அந்தக் குரல் காதில் கேட்கிறது.

அவர் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்கப்புறம் அவர் போனை எடுத்தாலே எந்தக் கடையிலும் நெட் இல்லை என்றார்கள். அரிசி பருப்பெல்லாம் பதினெட்டு மைல் தள்ளிப்போய் வாங்கிவந்தார். அவர் சம்சாரம் லீலாவுக்குச் சர்க்கரை வியாதி, ஊசிமருந்து தினம் வேண்டும். ஒருநாள் டவுனுக்கு பஸ் ஓடவில்லை, வேனும் ரிப்பேர். மெடிக்கலில் போய் நின்றார். நோட்டை நீட்டிக்கொண்டு நின்றார். ஞானதிரவியம் அட்டையைக் காட்டினார்.

"மருந்துக்குங்கூடவா அண்ணாச்சி?"

"எல்லாருக்கும் அதான் வே. உமக்குன்னு தனியா எழுதியா வச்சிருக்கேன்?"

நீட்டின கையை மடக்காமல் அவர் அப்படியே திரும்பி நடந்தார். பஜார் முழுக்க, வீடுவரை, நோட்டை நீட்டிக்கொண்டே போனார். லீலா அந்த வாரமே அவள் அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். அவள் திரும்பி வரவில்லை. நான் அப்போதுகூட வாயைத் திறக்கவில்லை. நான் திறந்து என்ன ஆகப்போகிறது?

சித்திரை பிறந்தது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில், காக்கை பறக்கிறபோதே வெந்து விழுந்தது, நானே இரண்டு பொறுக்கினேன். அந்த வெயிலில் ஞானதிரவியத்தின் அம்மா போய்ச் சேர்ந்தாள். பேரன் துபாயில் இருந்து வர இரண்டு நாளாகும். பெட்டி இல்லாமல் முடியாது. தங்கப்பழம் வருவாரா என்று எல்லோருக்கும் சந்தேகம். கூப்பிட்ட அரைமணியில் வந்தார். ஒரு குறை வைக்கவில்லை. இரண்டு நாளும் வாசலிலேயே கிடந்து தண்ணீர் வடிகிறதா, கரண்டு வருகிறதா என்று பார்த்துக்கொண்டார்.

காட்டுக்குப் போய்த் திரும்பினோம். பெட்டி ஏறிவிட்டது. அவர் முதுகைக் காட்டி நின்றார். ஞானதிரவியம் மூவாயிரத்தை அவர் சட்டைப்பையில் வைத்தார். தங்கப்பழம் திரும்பினார். முறைப்படி திரும்பவே கூடாது, திரும்பினார். பணத்தை எடுத்துத் திருப்பி நீட்டினார்.

"ஐநூறு ரூவா நோட்டு வாங்குததில்ல அண்ணாச்சி."

உள்ளே ஓடி, மொய் வந்த துட்டில் இருந்து நூறு ரூபாயாகப் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள்.

"ரொக்கம் கெடையாது அண்ணாச்சி."

துபாய்ப் பேரன் போனை எடுத்தான். போனில் போடுகிறேன், நம்பர் சொல்லுங்கள் என்றான். தங்கப்பழம் தன் போனை எடுத்து, ரொம்ப நிதானமாக அணைத்துச் சட்டையில் போட்டுக்கொண்டார். வேன் போய்விட்டது. முந்நூறு பேர் தெருவில் நின்றோம்.

பதினாறாம் நாள் விசேஷத்தில் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, பேச்சோடு பேச்சாக நான் ஒன்று சொன்னேன். வாடகை வாங்காமல் போன பெட்டி அந்த வாசலை மறக்காது என்றேன். புதிதாக ஒன்றும் இல்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் சொல்லும்வரை யாருக்கும் தெரியாது என்று இப்போது சொல்கிறார்கள். அதை விடுங்கள். நாற்பத்தோராம் நாள், ஞானதிரவியத்தின் தம்பி, குத்துக்கல் மாதிரி இருந்தவன், மோட்டார் சைக்கிளில் போய் லாரியில் விழுந்தான். அதே வாசல், அதே வெள்ளை வேன். அவர் அன்றைக்கும் வாடகை வாங்கவில்லை.

ஒரே நாளில் பஜாரில் ஒரு அட்டை இல்லை. எல்லாவற்றையும் கழற்றி அடுப்பில் போட்டார்கள். "வாங்க அண்ணாச்சி, என்ன வேணும், எவ்வளவு பெரிய நோட்டுன்னாலும் குடுங்க" என்று பால்துரை நடுத்தெருவில் வந்து கூப்பிட்டார். தங்கப்பழம் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு டவுன் பஸ் ஏறப் போனார். அவர் வீட்டுக் கதவுக்கு அடியில் ஆளாளுக்குப் பணத்தைத் தள்ளிவிட்டு வந்தார்கள். கவர் கிடையாது, பேர் எழுதவில்லை, வெறும் நோட்டு. மறுநாள் காலையில் அவரவர் பணம் அவரவர் கதவுக்கு அடியில் கிடந்தது. ஒரு நோட்டு வீடு மாறவில்லை. எப்படிக் கண்டுபிடித்தார்? நான் என் வலது கண்ணால் பார்த்தது. ஜவுளிக்கடைக்காரர் தன் நோட்டில் மை பட்டிருந்ததை வைத்து அடையாளம் சொன்னார். கதவைத் திறந்துகொண்டு, சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஜவுளிக்கடைக்காரர் சம்சாரம் உட்கார்ந்து அழுதது.

டவுனில் இருந்து வேறு பெட்டி வரவழைத்தால் என்ன என்று கேட்கிறீர்கள். வரவழைத்தார்கள். ஊருக்கு வெளியே தேரிக்காட்டு முக்கில் வந்ததும் வண்டி நின்றுபோனது. மூன்று தடவை, மூன்று வண்டி, அதே முக்கு. அப்புறம் அவர்கள் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே போனை வைத்துவிடுகிறார்கள். அதனால் சாவு விழுந்தால் தங்கப்பழம்தான். கூப்பிட்டால் வருவார். ஒரு குறை வைக்க மாட்டார். வாங்க மாட்டார். போன ஐப்பசிக்குள் ஐந்து வீடு அப்படி ஆகிவிட்டது. அதில் மூன்று வீட்டுக்குப் பெட்டி இரண்டாம் தடவை போய்விட்டது.

ஐந்தாவது வீடு என் வீடு.

எங்கள் கோமு அக்கா, என்னோடுதான் இருந்தாள், கல்யாணம் ஆகாதவள். அடைமழையில் மூச்சு முட்டிப் போய்விட்டாள். மழைக்குள் எடுக்க முடியவில்லை, ஒருநாள் வைத்திருக்க வேண்டியதாயிற்று. அவர் நனைந்துகொண்டே பெட்டியை இறக்கினார். மறுநாள் எல்லாம் முடிந்து, அவர் முதுகைக் காட்டி நின்றபோது நான் பூனை மாதிரிப் பின்னால் போனேன். மூன்று ஐநூறு ரூபாய் நோட்டு. பையில் வைத்துவிட்டு ஓடிவிடலாம் என்று பார்த்தேன். திரும்பிவிட்டார். இரண்டடி நெருங்கி வந்தார். கோபமாக இல்லை. அதுதான்.

"பாட்டையா, அன்னைக்கு டீக்கடையில நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நீங்க சுறா மேலதான் வந்தீங்க," என்றார்.

சொல்லிவிட்டு நோட்டை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டுப் போனார். நோட்டு சில்லென்று இருந்தது தம்பி. மழை நாள், அதனால் இருக்கலாம். ஆனால் நான் எந்த வாயால் சில்லென்று சொன்னேனோ...

என் வீட்டில் இனி மிச்சம் இரண்டு பேர். நான், என் சம்சாரம் ஆவுடையம்மாள். கார்த்திகையில் அவளுக்குக் கால் வீங்கத் தொடங்கினது. இப்போது மாசி. முழங்காலுக்கு மேலே வந்துவிட்டது. டாக்டர் கிட்னி என்கிறார், இதயம் என்கிறார், ஒவ்வொரு தடவைக்கு ஒன்று சொல்கிறார். அவள் டாக்டரைக் கேட்பதில்லை. என்னைத்தான் கேட்கிறாள்.

"பெட்டி வாடகை குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு."

"வாங்கிக்கிட்டாரா?"

"வாங்கிக்கிட்டாரு. எண்ணிக்கூடப் பாக்கல."

நாற்பத்தேழு வருஷத்தில் நான் சொன்ன ஒன்றையும் நம்பாதவள் என் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்தாள். சரி என்று படுத்துக்கொண்டாள். மறுநாளும் கேட்டாள். தினமும் கேட்கிறாள். சோறு வைக்கும்போது கேட்கிறாள், கால் பிடித்துவிடும்போது கேட்கிறாள்.

அதனால்தான் இந்த பஸ்ஸில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறேன். வெளியூர் ஆள் கையால் கொடுத்தால் வாங்கிக்கொள்வார் என்று ஒரு பேச்சு இருக்கிறது. நான் கிளப்பினதில்லை. நான் கிளப்பினது இல்லை என்பதால்தான் அதில் எனக்கு நம்பிக்கை. உங்களுக்கு ஒரு சிரமமும் கிடையாது. விலக்கில் இறங்கி மேற்கே நடந்தால் மூன்றாவது தெரு, வாசலில் வெள்ளை வேன் நிற்கும். அவர் திரும்பி நின்றாலும் சரி, நேரே நின்றாலும் சரி, பையில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். இந்தாருங்கள். மூன்று நோட்டு.

பிடியுங்கள் தம்பி.

ஏன் கையைக் கட்டிக்கொள்கிறீர்கள்? தொட்டுப் பாருங்கள், சூடாகத்தான் இருக்கிறது, காலையில் இருந்து என் இடுப்பிலேயே கிடந்தது. படித்த பிள்ளை, டவர் மேலே ஏறி இறங்குகிற பிள்ளை, இந்தக் காகிதத்துக்கா பயப்படுகிறீர்கள்? சரி, நான் சொன்னதில் பாதியைத் தள்ளிவிடுங்கள். காக்கை வெந்து விழுந்ததைத் தள்ளுங்கள். மூன்று வண்டி நின்றதையும் தள்ளுங்கள், ஒரு வண்டிதான், அதுவும் பஞ்சர். கதவுக்கு அடியில் பணம் திரும்பி வந்ததை நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டதுதான். ஞானதிரவியத்தின் தம்பி குடித்திருந்தான். எல்லாவற்றையும் தள்ளுங்கள். ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் என்னைப் புளுகன் என்பார்கள், ஒரு ஆயுசு முழுக்க அவர்கள் நம்பாததை நீங்கள் முக்கால் மணி நேரத்தில் நம்பிவிட்டீர்களா?

பையை எடுத்துக்கொள்கிறீர்கள். சரி. விலக்கு வந்துவிட்டது. இறங்குங்கள், பார்த்து இறங்குங்கள். நான் இறங்கவில்லை. கடைசி ஸ்டாப் வரை போய்விட்டு இதே பஸ்ஸில் திரும்புவேன். வேறு யாராவது ஏறுவார்கள்.

ஒரே ஒரு உபகாரம். பணத்தைத் தொட வேண்டாம், வாயால் செய்கிறது. விலக்கை ஒட்டி வாசலில் நாற்காலி போட்டு ஒரு அம்மா உட்கார்ந்திருப்பாள், காலைத் துணியால் சுற்றிக்கொண்டு. இப்போதெல்லாம் பஸ்ஸில் இருந்து இறங்குகிறவர்களை எல்லாம் நிறுத்திக் கேட்கிறாள். தங்கப்பழம் எங்கள் வீட்டு வாடகையை வாங்கிக்கொண்டாரா, உங்களுக்குத் தெரியுமா என்று உங்களையும் கேட்பாள். வாங்கிக்கொண்டாராம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். யார் சொன்னது என்பாள். அதை மட்டும் சொல்லிவிடாதீர்கள் தம்பி. ஊரில் யாரிடமும் சொல்லாதீர்கள். நான் சொன்னதென்று தெரிந்தால் அவள் நம்ப மாட்டாள்.